பெயர் இருந்த இடத்தில் ஆயிரத்து ஒன்று

பம்ப் ஓடின பதிவு முழுக்க அழிந்துவிட்டது. ஆயுத பூஜை அன்றைக்கு. அழித்தது நான்தான். அதை அழிக்க உட்காரவில்லை. வேறொன்றை அழிக்கப்போய் இதுவும் சேர்ந்து போனது. அவ்வளவுதான் விஷயம்.

மடியில் என்ன பொட்டலம் என்று கேட்டீர்கள். பொரி. பூஜைப் பொரி. பூஜை முடிந்து எத்தனை நாளாயிற்று, இப்போது எதற்குப் பொரி என்று கேட்காதீர்கள். நமுக்காமல் இருக்க வீட்டுக்காரி இரண்டு கவர் போட்டுக் கட்டியிருக்கிறாள். உடுமலையில் ஒரு வீட்டில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். உட்காரக்கூட மாட்டேன்.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள். கேட்டதற்குச் சொல்கிறேன். குறுக்கே பேசக் கூடாது.

கோயமுத்தூர் கணபதியில் எனக்குப் பட்டறை. மோட்டார் பம்ப் செய்கிறோம். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். பம்பைச் செய்தால் மட்டும் போதாது, சர்டிபிகேட் வேண்டும். சர்டிபிகேட் இல்லாத பம்பை எந்தக் கடைக்காரனும் இறக்க மாட்டான். எங்களுடையது தீபாவளியோடு முடிகிறது. புதுசு வாங்க வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்குக் கிட்ட பம்பை நிறுத்தாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். எவ்வளவு தண்ணீர் தள்ளியது, எவ்வளவு கரண்ட் இழுத்தது, எவ்வளவு சூடானது, எல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிவைத்தான் அதிகாரி வந்து பார்ப்பார். பம்பைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்.

ஓட்டி முடித்தாகிவிட்டது. பூஜைக்கு முதல் நாள் மாரியப்பன் பம்பை நிறுத்தினான். எங்கள் ஃபிட்டர். அடுத்த திங்கட்கிழமை அதிகாரி வருவதாக இருந்தது. இன்னொரு தடவை ஓட்ட நாள் இல்லை. பதிவு இல்லையென்றால் சர்டிபிகேட் இல்லை, சர்டிபிகேட் இல்லையென்றால் ஷெட்டைப் பூட்டிவிட்டு நானும் அந்தப் பதினோரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புரிகிறதா? சரி.

ஆயுத பூஜைக்கு நாங்கள் எப்படிச் சுத்தம் செய்வோம் என்று தெரியுமா. லேத்தை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைப்போம். டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட், ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் துடைத்துச் சந்தனம் வைத்து, மெயின் சுவிட்சை இறக்கிவிடுவோம். இறக்கின மெயினுக்கும் குங்குமம், மாவிலை, ஒரு முழம் பூ. மறுநாள் காலையில் சாமி கும்பிட்டு நான்தான் ஏற்றுவேன். நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது. முப்பது வருஷமாக அப்படித்தான்.

கம்ப்யூட்டரைத் துடைப்பது மட்டும் என் வேலை. மேலே துணி போட்டுத் துடைத்தேன். உள்ளேயும் துடைக்கலாம் என்று தோன்றியது.

உள்ளே ஒரு பெயர் இருந்தது.

என் மகன் கதிர்வேல் கட்டிக்கொண்டு வந்த பெண். கம்ப்யூட்டர் படித்தவள். அவனும் அவளுமாகத்தான் டெஸ்ட் ரூமில் உட்கார்ந்து அந்த ஏற்பாட்டையே செய்தார்கள். கதிர்வேல் ஒயர் இழுத்தான், அவள் புரோகிராம் எழுதினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவினாசி ரோட்டில் ஒரு லாரி. அது வேறு. அதைச் சொல்ல வரவில்லை.

அதற்கப்புறமும் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பட்டறைக்கும் வருவாள். நன்றாகத்தான் இருந்தது. போன வருஷம் ஆவணியில் அவளைப் பெற்றவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சின்ன வயசு, எத்தனை நாளைக்கு இப்படியே, உடுமலையில் ஒரு பையன், அவனுக்கும் சம்சாரம் இல்லை என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றா சொன்னேன்? எழுந்து பட்டறைக்கு வந்துவிட்டேன். கல்யாணத்துக்கும் போகவில்லை. என் வீட்டுக்காரி ருக்மணி மட்டும் அன்றைக்குப் பழனிக்குப் போகிறேன் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். பழனிக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவள் போன மறுவாரம் ரேஷன் கார்டில் பெயரை எடுத்தேன். அது முறை, எடுத்துத்தான் ஆக வேண்டும். கல்யாணப் போட்டோவைப் பரணில் போட்டேன். என் போனிலிருந்து நம்பரை அழித்தேன். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. போனவள் போனாள்.

கம்ப்யூட்டரில் மட்டும் மறந்துவிட்டது. தினமும் திறக்கும்போது என் பெயருக்குக் கீழே அவள் பெயரும் வந்து நிற்கும். மாரியப்பன் அதைத் தட்டித்தான் டெஸ்டை ஆரம்பிப்பான். சரி, துடைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெயரைத் தேர்ந்து நீக்கு என்று கொடுத்தேன். உடனே போகவில்லை. ஒரு கேள்வி கேட்டது. 'இவர் இன்னும் உள்ளே இருக்கிறார். இருந்தாலும் நீக்கவா?' என்று இங்கிலீஷில். ஆமாம் என்று அமுக்கினேன். இவருடைய ஃபைல்களை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று அடுத்த கேள்வி. ஒரு வேலையைச் சொன்னால் செய்யாமல் என்ன கேள்வி? அழி என்று அமுக்கினேன்.

அப்புறம்தான் மாரியப்பன் வந்தான். கையில் சந்தனக் கிண்ணம்.

"ஏனுங்க, மெயினை இறக்கிட்டனுங்க. கம்ப்யூட்டரு யூபிஎஸ்ல ஓடுது, அதையும் நிறுத்திப்போட்டு வந்தீங்கன்னா பூசணிக்காய் சுத்திறலாமுங்க. ஆமா, அந்தப் பதிவைக் காப்பி எடுத்துட்டீங்களா?"

"நீ எடுக்கலயா?"

"நானுங்களா? பூஜை முடிஞ்சு எடுத்துக்கலாம்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"எங்க இருக்குது அது?"

"அங்கதானுங்க, அம்மிணி ஃபோல்டர்ல."

அவளை அவன் அம்மிணி என்றுதான் சொல்வான். இப்போதும்.

தேடினோம். இல்லை. குப்பைத் தொட்டிப் படத்தைத் திறந்து பார்த்தோம். அதிலும் இல்லை. மாரியப்பன் சந்தனக் கிண்ணத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் பெரிய பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். வேறு பட்டறையில் இந்த வயசுக்கு அவனை யார் சேர்ப்பார்கள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயம்கூட வரவில்லை. கை கால் எல்லாம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கதிர்வேலுக்கு அப்புறம் எனக்கு இப்படித்தான். ஒன்று நடந்தால் நடந்தது என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் வராது. சரி, நிறுத்திவிட்டுப் பூஜையைப் பார்ப்போம் என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க!"

ருக்மணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் தேங்காய்த் தட்டு, இன்னொரு கையில் போன். போனைக் காதில் வைத்திருந்தாள்.

"நிறுத்தக்கூடாதாமா. எது பண்ணுனாலும் அதை மட்டும் நிறுத்தக்கூடாதாமா."

"யாரு சொன்னது?"

 போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். அதில் வந்த பெயரைப் பார்த்தேன். 'கேஸ் ஏஜென்சி.'

ஒரு வருஷமாக அந்தப் பெயரில் போன் வரும். வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் கேஸ் இவ்வளவு சீக்கிரம் எப்படித் தீர்கிறது என்று நானும் நினைத்ததுண்டு. சிலிண்டர் வரவே இல்லையே என்று நினைக்கவில்லை.

"கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்குதுங்களா?" என்றது போன்.

அவள் குரல்தான். மாமா என்று கூப்பிடவில்லை. எதுவும் கூப்பிடவில்லை. என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாள், பாவம்.

"ஓடுது" என்றேன்.

"அந்தப் பதிவு எழுதற புரோகிராமை யாராச்சும் மூடுனீங்களா?"

மாரியப்பன் எழுந்து நின்றுகொண்டான். "இல்லீங்க அம்மிணி. பம்பைத்தான் நிறுத்துனேன். அது பாட்டுக்கு ஓடுது. சைபர் சைபர்னு எழுதிட்டிருக்குதுங்க."

"அப்பச் சரி. ஃபைல் போகலீங்க. பேருதான் போயிருக்குது. எழுதிட்டிருக்கறது அதை இன்னும் கையில புடிச்சுட்டுத்தான் இருக்கும். அது விட்டாத்தான் அழியும். அது விடறதுக்குள்ள நாம எடுத்துக்கோணும்."

யூபிஎஸ் 'கீ' என்று ஒரு தடவை கத்தியது.

"அது என்ன சத்தம்?"

"பூஜைக்கு மெயினை இறக்கியிருக்குதுங்க" என்றான் மாரியப்பன். "பேட்டரியில ஓடுது. பழைய பேட்டரிங்க."

"அய்யோ, ஏத்துங்க முதல்ல!"

மாரியப்பன் என்னைப் பார்த்தான். நான் மெயின் போர்டைப் பார்த்தேன். கைப்பிடியில் குங்குமம், மாவிலை, மல்லிகைச் சரம். அப்போதுதான் வைத்த சந்தனம், காயக்கூட இல்லை. அவன் கை போகவில்லை. எனக்கும் போகவில்லை. சாமிக்கு விட்டதை எடுப்பதா? யூபிஎஸ் மறுபடியும் கத்தியது.

ருக்மணி தேங்காய்த் தட்டைக் கீழே வைத்தாள். நேராகப் போனாள், பூவோடு சேர்த்துப் பிடித்து மேலே தள்ளினாள். ஷெட் முழுக்க லைட் எரிந்தது. மாவிலை கீழே விழுந்தது. உள்ளங்கையெல்லாம் குங்குமம். சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சாமிக்கு நான் சொல்லிக்கறேன். நீங்க உக்காந்து அவ சொல்றதைத் தட்டுங்க."

உட்கார்ந்தேன். மாரியப்பனுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. நான் ஒரு விரலால் தட்டுகிறவன்.

கறுப்புத் திரை ஒன்றைத் திறக்கச் சொன்னாள். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம்களைப் பட்டியல் போடச் சொன்னாள். வரிசையாக வந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் யாருடையது என்று பெயர் இருந்தது. பாதி என் பெயர். எங்கள் புரோகிராம் இருந்த வரியில் மட்டும் பெயர் இல்லை. ஆயிரத்து ஒன்று என்று இருந்தது, கல்யாண வீட்டு மொய் மாதிரி.

"இது என்ன ஆயிரத்து ஒண்ணு?"

"அது நானுங்க. பேரை எடுத்துட்டீங்கள்ல, அதான் வெறும் நம்பரைக் காட்டுது."

குத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். குத்தியிருந்தால் எனக்கும் ஒன்று சொல்ல வாகாக இருந்திருக்கும்.

அதற்குப் பக்கத்தில் புரோகிராமின் நம்பர் ஒன்று. அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னாள். அப்புறம் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். சாய்ந்த கோடு. எந்தப் பக்கம் சாய்ந்தது என்றேன். கேள்விக்குறி இருக்கிற பட்டன் என்றாள். பி, ஆர், ஓ, சி. மறுபடி கோடு. அந்த நம்பர். மறுபடி கோடு. எஃப், டி.

"அது என்ன இடம்? நான் பாத்ததே இல்லையே."

"டிஸ்க்ல இருக்கறது இல்லீங்க. ஓடற ஒவ்வொண்ணுக்கும் கம்ப்யூட்டரே ஒரு ஃபோல்டர் மாதிரி காட்டும். அது என்னென்ன தொறந்து வெச்சிருக்குதோ அத்தனைக்கும் அதுக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். ஓடற வரைக்கும்தான். நின்னுதுன்னா ஃபோல்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ன வந்திருக்குதுன்னு படிங்க."

"பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணு."

"பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு எல்லாத்துக்கும் உண்டு. மூணாம் நம்பர்தான் நம்முளுது. அதுக்கு நேரா, அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு பாருங்க."

நம்முளுது என்றாள். பழக்கம்.

பார்த்தேன். சிவப்பு எழுத்தில் இருந்தது. கோடு, ஹோம், கோடு, அப்புறம் அவள் பெயர், அப்புறம் பதிவின் பெயர். கடைசியில் அடைப்புக்குறிக்குள் டெலிடட்.

"ஹோம்னு இருக்குது" என்றேன். "கடைசில அடைப்புக்குள்ள டெலிடட்னு இருக்குது."

"நடுவுல?"

"நடுவுல என்னமோ இருக்குது."

 ருக்மணி என் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவள் படித்தது ஆறாவது. அந்தப் பெயரை மட்டும் எந்த எழுத்தில் எழுதினாலும் படித்துவிடுவாள் போலிருக்கிறது. "அதேதான் கண்ணு" என்றாள் போனிடம். "உன்றதுதான்."

அப்புறம் சிக்கல் இல்லை. காப்பி எடுக்க இரண்டு எழுத்து, சி பி. பக்கத்தில் ஒரு கோடும் இன்னொரு பி-யும் போடச் சொன்னாள். அதைப் போட்டால்தான் எழுதின தேதி, எழுதினவர் நம்பர் எல்லாம் மாறாமல் வருமாம், அதிகாரி கேட்பாராம். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். தட்டினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த வரிக்கு வந்து நின்றது.

"வந்துருச்சான்னு தொறந்து பாருங்க."

திறந்தேன். முதல் நாள் முதல் நிமிஷத்திலிருந்து இருந்தது. தண்ணீர், கரண்ட், சூடு. மாரியப்பன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சந்தனக் கை, திரையில் ஒட்டிக்கொண்டது. கிறுக்கன்.

சரி, முடிந்தது என்று போனை வைத்திருக்கலாம். நான் ஒன்று கேட்டேன்.

"படமும் இதே மாதிரி எடுக்கலாமா?"

"எந்தப் படமுங்க?"

"அவன் படம்."

அந்தக் கம்ப்யூட்டரில் கதிர்வேல் படங்கள் இருந்தன. முதல் பம்பை டெஸ்ட் மேடையில் ஏற்றினபோது எடுத்தது, முகத்தில் கிரீஸோடு சிரித்துக்கொண்டு ஒன்று. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். சும்மாதான். கண்ணுக்கு வேறு வேலை இல்லாதபோது. கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அவள் பெயருக்குள் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?



"தொறந்து வெச்சிருந்தது மட்டும்தானுங்க வரும்" என்றாள். "படம் எதாச்சும் தொறந்திருந்துச்சுங்களா?"

"இல்ல. துடைக்கறதுக்காக எல்லாத்தையும் மூடிட்டேன்."

"அப்ப வராதுங்க."

"சரி."

"எங்கிட்டக் கொஞ்சம் இருக்குதுங்க, மாமா."

வாய் தவறி வந்திருக்கும். பூஜைக்கு நேரமாயிற்று என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பூஜை நடந்தது. மெயினை மறுபடி இறக்கவில்லை. ஓடுகிற கம்ப்யூட்டருக்கே சந்தனம் வைத்தோம். பூசணிக்காய் உடைத்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பொட்டலம் பொரி, கடலை, வாழைப்பழம். பதினோரு பேருக்குக் கட்டச் சொன்னால் ருக்மணி ஒன்று கூடுதலாகக் கட்டியிருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வீட்டு அலமாரியிலேயே இருந்தது. நேற்று எடுத்து என் கையில் கொடுத்தாள். வேலை செய்தவர்களுக்குப் பொரி கொடுப்பது பட்டறை முறை. முறைக்காகப் போகிறேன். பழம் மட்டும் இன்றைக்குப் புதுசாக வாங்கி வைத்தேன்.

பொட்டலத்துக்குள் வேறென்னவோ துருத்திக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறீர்கள். பென் டிரைவ். காலி. சும்மா கிடந்தது, போட்டுக்கொண்டேன்.

பொள்ளாச்சி வந்துவிட்டதா? நீங்கள் இங்கே இறங்க வேண்டியவர்தானே. இருங்கள், பஸ் நிற்கட்டும். திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லவில்லை.

அதிகாரி வந்தார். சின்ன வயசுக்காரர். பதிவை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. கடைசியில் எதையோ தட்டினார், முகத்தைச் சுருக்கினார்.

"இந்த ஃபைலுக்குச் சொந்தக்காரர் ஆயிரத்து ஒண்ணுன்னு வருது. பேரே இல்லையே சார். யாரு இது?"

"பம்பை ஓட்டுனது நானுங்க" என்றான் மாரியப்பன், முந்திக்கொண்டு.

"ஓட்டினது நீங்க, எழுதிக்கிட்டேன். பதிவு எடுக்கிற ஏற்பாடு செஞ்சது யாரு? ரிப்போர்ட்ல பேர் போடணும். பேர் இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது."

மாரியப்பன் தரையைப் பார்த்தான். ருக்மணி காபியோடு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. என் பெயரைச் சொல்லியிருக்கலாம். யார் கண்டது? கதிர்வேல் பெயரைக்கூடச் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பாதி அவனும் செய்ததுதான்.

"கோகிலவாணி" என்றேன்.

ஒரு வருஷம் சொல்லாத பெயர்.  

அவர் எழுத ஆரம்பித்து நிறுத்தினார். "இனிஷியல்?"

எங்கள் வீட்டில் இருந்தவரைக்கும் கே. கதிர்வேலுக்கு கே. அதுதான் நாக்கில் வந்து நின்றது. உடுமலைக்காரன் பெயர் மோகனசுந்தரமாம். எனக்குத் தெரியாது என்றுதான் ஒரு வருஷமாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எம்" என்றேன். "நல்லா எழுதிக்கங்க. எம். கோகிலவாணி."